மன்னருக்குக் கல்ஃப் அனுபவம் இல்லை

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல; எச்.ஆர். டிபார்ட்மெண்ட்தான். தற்பெருமை என்று நினைக்க வேண்டாம். துபாய் அல் கூஸில் ஏ.சி. டக்ட் செய்யும் கம்பெனி ஒன்றின் எச்.ஆர். மேனேஜர் என்ற முறையில், ஆதாரத்தோடுதான் சொல்கிறேன்.

ஸ்டோர் கீப்பர் வேலைக்கு அன்று வந்தவர் செங்கடம்பத் தீவின் மன்னர். மீசை இன்னும் சரியாக முளைக்காத வயது. தமிழ் பேசும் அந்தக் குட்டித் தீவில் தளபதியே படையைத் திருப்பிவிட்டு அரண்மனையில் உட்கார்ந்துகொண்டதால், பையன் மீன்பிடிப் படகில் தப்பி, எப்படியோ விசிட் விசாவில் இங்கே வந்து சேர்ந்திருந்தார். அந்த விசா முடியப்போகிறது. வேலை கிடைத்தால் வேறு விசா கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். திரும்பினால் தலை இருக்காது.

"நாம் இண்டர்வியூவுக்கு வந்திருக்கிறோம்" என்றார்.

"எத்தனை பேர் வந்திருக்கீங்க? இருக்கிறது ஒரே வேகன்ஸிதான், தம்பி."

"மன்னிக்கணும் சார். நான் மட்டும்தான்."

என் உதவியாளர் பிரபாவதி அவரைப் பார்த்ததிலிருந்தே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கும்பகோணத்துக்காரர், இளகிய மனசு. எச்.ஆருக்கு ஆகவே ஆகாது.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை?" என்று ஆரம்பித்தேன்.

"மன்னரா இருந்தேன்."

"எவ்வளவு நாள்?"

"அப்பா போனதுலேருந்து. எட்டு மாசம்."

"ஒரு வருஷம்கூட நிக்கலையே. ஏன் விட்டீங்க?"

"அரண்மனை மேல குண்டு போட்டாங்க."

"நோட்டீஸ் பீரியட் கொடுத்தீங்களா?"

"அவங்க எனக்குக் கொடுக்கல சார்."

"சரி, கல்ஃப் அனுபவம்?"

"இல்ல சார். ஆளுற அனுபவம் இருக்கு."

"ஆளுறதை மேனேஜ்மெண்ட் பாத்துக்கும். பெட்டி அடுக்கத் தெரியுமா?"

"கத்துக்கிறேன் சார்."

அந்தப் பணிவு எனக்குப் பிடித்துப்போயிற்று. எடுத்துக்கொண்டேன். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில், அடுக்குக் கட்டிலின் மேல் பெட் ஒதுக்கினோம். மன்னர் என்பதால் உயரமான இடம். ஒரே வாரத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரைப் பார்த்து "யல்லா பாய், சீக்கிரம்" என்று அதட்டப் பழகிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தார்.

விசாவுக்கு அனுப்பும் முன் பாக்கி இருந்தது "ரெஃபரன்ஸ் செக்" மட்டும். முன்பு வேலை பார்த்த இடத்துக்குப் போன் போட்டு, ஆள் எப்படி என்று விசாரிப்பது.

"சார், வேண்டாம் சார்" என்றார் பிரபாவதி. "அங்க இப்ப அந்தத் தளபதிதானே இருக்காரு?"

"மேனேஜ்மெண்ட் மாறினா நமக்கென்னம்மா? ப்ராசஸ்னா ப்ராசஸ்."

போட்டேன். தளபதியே எடுத்தார். அத்தனை பெரிய மனிதருக்கு இத்தனை எளிமை.

"தங்கமான பையனாச்சே" என்றார் குரல் நெகிழ. "அவனைத்தான் கடல் பூராத் தேடிக்கிட்டிருக்கோம். இப்ப எங்க இருக்கான்?"

கேம்ப் பெயர், ரூம் நம்பர், டூட்டி முடிகிற நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்ட கேள்விக்கு முழுமையாகப் பதில் தருவது எங்கள் துறையின் பண்பாடு.

மறுநாள் தீவின் தூதரகக் கார் வந்தது. கோட் போட்ட இருவர் மன்னரை இரு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். காரில் ஏறும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், நான் நல்லாத்தானே வேலை பாத்தேன்?"

"ரொம்ப நல்லா பாத்தீங்க தம்பி" என்றேன். ஊழியர்களை ஊக்குவிப்பதில் நான் குறை வைப்பதில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். கப்பல், பீரங்கி, உளவாளி என்று ஒரு படையே தேடியும் அகப்படாதவரை, ஒரே ஒரு போன் காலில் கண்டுபிடித்துக் கொடுத்தது எது? எம்.டி. என்னை மேடைக்கு அழைத்து "ஆண்டின் சிறந்த ஊழியர்" கேடயம் கொடுத்தார். கம்பெனியே எழுந்து நின்று கை தட்டியது. பிரபாவதி மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

மறுநாள் காலை அவர் ராஜினாமா செய்தார். எனக்கு மனசே கேட்கவில்லை.

"இவ்வளவு நாள் கூட இருந்தீங்க. நானே நல்லபடியா ரெஃபரன்ஸ் சொல்றேம்மா. எந்தக் கம்பெனிக்குப் போறீங்க?"

பிரபாவதி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன் சார். உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்."