பொட்டில்லாத காயில்

அன்று வாசலில் இருந்தவர்கள் மூன்று பேர்: அர்த்தநாரி, அவர் மனைவி பெரியம்மாள், மருமகள் செல்வப்பிரியா. மகன் சிவப்பிரகாஷ் முந்தின நாளே கல்யாண வேலைக்காக ஆனைமலைக்குப் போய்விட்டான். மதிலுக்கு அந்தப் பக்கம் அர்த்தநாரியின் தம்பி பழனிச்சாமி ஏணிமேல் நின்றிருந்தார். அவர் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாரே தவிர இந்தப் பக்கம் பார்க்கவில்லை. இதை அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் மெக்கானிக் ஜோஸ் வந்தார். வேறு யாரும் இல்லை. தாங்களும் பார்த்ததாகச் சொல்கிறவர்கள், கோவிந்தாபுரம் டீக்கடையில் கேட்டதைச் சொல்கிறார்கள்.

கார் குலுங்கிக்கொண்டிருந்தது. ஓடிக் குலுங்கவில்லை, நின்ற இடத்திலேயே, ஈ மொய்த்த எருமை தோலை உதறுவது போல உதறியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

"மாமா, லைட் எரியுதுங்க," என்றாள் செல்வப்பிரியா.

"அது பாட்டுக்கு எரியட்டும் அம்மிணி. நம்மளக் கேட்டா எரியுது?"

மணி பதினொன்று. ஆனைமலையில் அர்த்தநாரியின் தங்கை மகளுக்கு மறுநாள் கல்யாணம். தாய்மாமன் சீர் அன்று, ஞாயிறு, மாலை நாலரைக்குள் மண்டபத்துக்குள் நுழைந்தாக வேண்டும். நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். தட்டு எடுத்து முதலில் நுழைகிறவர் மூத்த மாமன். மூத்தவர் வந்து சேராவிட்டால் இளைய மாமன் நுழைவார். அந்த இளைய மாமன்தான் ஏணிமேல் நின்றவர்.

அண்ணனும் தம்பியும் பேசி நாலு வருடம். சிவப்பிரகாஷின் கல்யாணப் பத்திரிகையில் பழனிச்சாமியின் பெயர், அர்த்தநாரியின் சகலை பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது. அது அச்சுக் கோத்தவர் செய்த தவறு என்பது எங்கள் குடும்பத்தின் முடிவு. பிறகு அர்த்தநாரி ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். அடுத்த மாதமே பழனிச்சாமி அதே காரைச் சாம்பல் நிறத்தில் வாங்கினார். இதில் போட்டி எதுவும் இல்லை. இருவருக்கும் ரசனை ஒன்று.

அர்த்தநாரி காரை நல்ல காரியத்துக்கு மட்டும்தான் எடுப்பார். மற்ற நாட்களில் அது உறை போர்த்திக்கொண்டு கொட்டகையில் நிற்கும். அப்படிப் பத்தியமாக வைத்திருந்த கார் குலுங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"பெட்ரோல்தான்," என்று தீர்ப்புச் சொன்னார். "நான் எப்பவும் செக்போஸ்ட் தாண்டி அக்கட்ட, தமிழ்நாட்டுல போடுவேன். பிரகாஷ் சோம்பேறித்தனப்பட்டு இக்கட்ட, கேரளாவுலயே போட்டிருப்பான்."

"ஏனுங்க," பெரியம்மாள் சமையலறை ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். "அந்த ரெண்டாவதைப் பாருங்களேன்."

"எந்த ரெண்டாவது?"

"என்னமோ நாலு இருக்குமாமே. அதுல ரெண்டாவது."

"நீ போயி சீர்த் தேங்காயை எண்ணு புள்ள. வண்டிக்குத் தொண்டையில சளி கட்டிருக்குது. காறித் துப்புனா சரியாயிரும்."

அவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தார். கார் காறியது. பிறகு பின்னாலிருந்து 'டப்' என்று ஒரு வெடி. கோழிகள் நாலு திசைக்கும் ஓடின. ஏணி ஆடியது. ஒரு முருங்கைக்காய் மதிலுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. அது திருப்பி எறியப்பட்டது.

"இப்ப லைட் மினுக்குதுங்க மாமா. மினுக்குனா வண்டிய ஓட்டக் கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குது."

"புஸ்தகத்த எழுதுனவனுக்குச் சீர் கொண்டு போற வேலை இருந்துதா?"

"ஜோசைக் கூப்பிடலாங்களா?"

"அவன் பைக் சத்தத்துக்கே பாதி ஊர் வந்து நிக்கும்."

"வாடகைக் கார்?"

வாடகைக் காரில் சீர் போன வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அர்த்தநாரி பானெட்டைத் திறந்தார். எஞ்சின் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே வரிசையாக நாலு காயில்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இருக்கும் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற கறுப்புச் சாமான் அது. தலை சின்னதாக, வால் ஒரு விரல் நீளத்துக்கு இருக்கும். போன மாதம் ஆயுத பூஜைக்கு அர்த்தநாரி வழக்கம்போல மூடியைத் திறந்து, நாலுக்கும் மோதிர விரலால் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார். வெளியில் தெரியும் ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைப்பவர்கள் ஊரில் பலர் உண்டு. உள்ளே இருப்பதற்கும் வைப்பவர் அவர் ஒருவர்தான்.

ஒன்று, மூன்று, நாலில் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. இரண்டாவதில் இல்லை.

"யாரு அழிச்சது?"

"மூடிக்குள்ள யாருங்க மாமா கை விடப் போறாங்க?"

"பாத்தியா! பொட்டழிஞ்சா வண்டி எப்படி ஓடும்?"

ஜன்னலில் நின்ற பெரியம்மாள் திடீரென்று தேங்காய் எண்ணப் போய்விட்டார். போகும்போது போனையும் எடுத்துக்கொண்டார்.

அர்த்தநாரி நாலு காயில்களையும் கழற்றிச் சீருக்கு வைத்திருந்த வாழையிலைமேல் வரிசையாக அடுக்கினார். பிளக்குகளை உப்புத்தாளால் தேய்த்தார். இரண்டாவது காயிலுக்குப் புதிதாகப் பொட்டு வைத்தார். திரும்ப மாட்டும்போது நாலாவது வயரின் பிளாஸ்டிக் கொக்கி 'டிக்' என்று உடைந்து கையோடு வந்தது.

"கயிறு ஏதாவது கொண்டா."

கைக்குக் கிடைத்தது சீர்த்தட்டில் இருந்த மஞ்சள் கயிறு. அதை வைத்து வயரைக் காயிலோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டார்.

"மாமா, மூணு முடிச்சா?"

"ஒண்ணு போட்டா நிக்காது அம்மிணி."

ஸ்டார்ட் செய்தார். முன்பைவிட நன்றாகக் குலுங்கியது.

செல்வப்பிரியா கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறவள். கெட்ட சாமானைத் தேடிப் பிடிப்பதுதான் அவள் சம்பளம் வாங்கும் காரியம். அதுவரை பொறுத்திருந்தவள் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எஞ்சின் ஓடறப்பவே ஒவ்வொரு காயில் வயரா கழட்டிப் பாக்கோணுங்க மாமா. நல்ல காயில்ல கழட்டுனா எஞ்சின் இன்னும் திணறும். கெட்டதுல கழட்டுனா ஒண்ணுமே மாறாது."

"அதாவது, இருந்தும் இல்லாத மாதிரி."

"ஆமாங்க."

"நம்ம குடும்பத்துலயும் அப்படி ஒருத்தன் இருக்கான்," என்றார் அர்த்தநாரி, மதிலைப் பார்த்து, சற்று உரக்க.

முருங்கை மரம் பலமாக ஆடியது. அன்று காற்றே இல்லை.

ஒன்றின் வயரைக் கழற்றியதும் எஞ்சின் மூச்சு முட்டியது. மூன்றுக்கும் அப்படியே, நாலுக்கும் அப்படியே. இரண்டைக் கழற்றினாள். ஒரு மாற்றமும் இல்லை. எஞ்சினை நிறுத்தி, ஈரப் பொட்டோடு இருந்த அந்தக் காயிலை மூன்றாம் இடத்துக்கும், மூன்றை இரண்டாம் இடத்துக்கும் மாற்றினாள். இப்போது மூன்றாம் இடத்தில் வயரைக் கழற்றினால் மாற்றம் இல்லை.

"காயில் போற எடத்துக்கு நோவும் கூடவே போகுது. அப்ப இதுதாங்க கெட்டது."

"நான் அப்பவே சொல்லல?" என்றார் அர்த்தநாரி. "பொட்டில்லாதது."

"நானும் ரெண்டாவதுன்னு சொன்னேனுங்க," என்றார் ஜன்னல் பெரியம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை. பாலக்காட்டில் கடை திறந்திருக்காது. மணி இரண்டரை. அர்த்தநாரி வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார்.

"மூணு நல்லா இருக்குதுல்ல? நாலு பேர் தூக்கற பல்லக்க மூணு பேர் தூக்க மாட்டாங்களா?"

"தூக்குவாங்க மாமா. சாமி கீழ விழுந்துரும்."

"ரோட்டு வரைக்கும் போயிப் பாக்கறேன்."

போனார். இருபதடி போனதும் மஞ்சள் கயிறு நழுவியது. மூன்று பேர் தூக்கிய பல்லக்கு இரண்டு பேர் கைக்கு வந்தது. கார் ஒரு முறை குதித்து, இரு முறை விக்கி, சரியாகப் பழனிச்சாமியின் கேட்டுக்கு முன்னால் குறுக்காக நின்றது. மேட்டில் நின்றதால் செல்வப்பிரியா தள்ளியும் அசையவில்லை.

கேட்டுக்கு உள்ளே சாம்பல் நிறக் கார் புறப்படத் தயாராக நின்றது. பழனிச்சாமி தனியாகத்தான் கிளம்பியிருந்தார். அவர் மனைவிக்குப் பத்து நாளைக்கு முன்பு பாலக்காட்டில் கண் ஆபரேஷன், புகை ஆகாது. பழனிச்சாமி ஒரு முறை ஹாரன் அடித்தார். இறங்கினார். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு கை தூரம்.

"கண்ணு," என்று செல்வப்பிரியாவைப் பார்த்தார். "உங்க மாமன் காரை எடுக்கறாரா, இல்ல நான் தட்டோட மதிலேறிக் குதிக்கோணுமா, கேட்டுச் சொல்லு."

"அம்மிணி, காரு நிக்கறது பஞ்சாயத்து ரோட்டுலன்னு சொல்லு."

"பஞ்சாயத்து ரோடு என்ற ஊட்டு வாசல்ல இருக்குதுன்னு சொல்லு கண்ணு."

"ஊடு எங்கப்பன் கட்டுனதுன்னு சொல்லு."

"அவருக்கு மட்டுந்தான் அப்பனான்னு கேளு."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுங்கள்ல?" என்றாள் செல்வப்பிரியா. "மணி மூணு. பேசாம சின்ன மாமா கார்லயே எல்லாரும் போயிரலாமுங்க."

"தம்பி கார்ல சீர்த்தட்டோட போயி எறங்கறதா?" அர்த்தநாரியின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"அப்ப, அதுல இருந்து ஒரு காயிலக் கழட்டி இதுல போட்டுக்கலாங்க. ரெண்டும் ஒரே மாடல்தானே. ஆனா அந்தக் கார் நின்னுபோகும். சின்ன மாமாவும் இதுலதான் வரோணும்."

அர்த்தநாரி சாலையைப் பார்த்தார். அண்ணனாகப் பிறந்து அறுபத்து நாலு வருடம். தம்பியிடம் 'தா' என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்தார், அவ்வளவுதான்.

அதற்குள் சாம்பல் கார் பக்கமிருந்து 'டக்' என்று சத்தம். பழனிச்சாமி பானெட்டைத் திறந்துவிட்டிருந்தார்.

"எடுத்துக்க கண்ணு. மூத்த மாமன் இல்லாம சீர் நுழைஞ்சா என்ற தங்கச்சி அழுவா." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நான் தர மாட்டேன்னு நெனச்சாராமா?" என்றார்.

அந்தக் காரில் ஒரு காயிலின் போல்ட் மட்டும் சமீபத்தில் கழற்றி மாட்டியது போலத் தளர்வாக இருந்தது. நேரமில்லாததால் செல்வப்பிரியா அதையே எடுத்தாள். எடுத்தவள் நின்றுவிட்டாள். அதன் தலையில், காய்ந்த சந்தனத்தின்மேல் குங்குமப் பொட்டு.

அர்த்தநாரி அதைக் கையில் வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"அம்மிணி," என்றார். குரல் சற்று இறங்கியிருந்தது. "உங்க சின்ன மாமன்கிட்டச் சொல்லு. நான் வெக்கற மாதிரியே வெச்சிருக்கான்னு. அளவுகூட மாறல."

பழனிச்சாமிக்கு அப்படி ஒரு பொட்டு வைத்ததாக நினைவில்லை. ஆனால் வருகிற பாராட்டைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. "எல்லாம் பாத்துப் பழகுனதுதான்," என்றார்.

பெரியம்மாள் அவசரமாகப் பின்சீட்டில் ஏறி, தேங்காய்த் தட்டை முகம் மறையும் உயரத்துக்கு மடியில் வைத்துக்கொண்டார்.

காயிலை மாட்டினாள். நாலாவது வயரை இறுக்கிக் கட்டினாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் வெண்ணெய் போல ஓடியது. மஞ்சள் விளக்கு மினுக்குவதை நிறுத்தியது. அர்த்தநாரி முன்பக்கத்து இடது கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்தார். நாலு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் நேராக ஒரு வார்த்தை சொன்னார்.

"உக்காரு."

பழனிச்சாமி உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஜோசின் பைக் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அவர் கையில் பிரிக்காத ஒரு சின்ன அட்டைப் பெட்டி.

"அம்மா, காயில் வந்துச்சு! நீங்க காலையில இருந்து போன்ல விளிச்சிட்டே இருந்தீங்களே, கொரியர்காரனோட வீட்டுக்கே போய் வாங்கிட்டேன்," என்று பின்சீட்டைப் பார்த்துக் கத்தினார். பிறகு முன்சீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு முகம் மலர்ந்தார். "அப்ப ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாச்சா? நல்லது. சின்ன முதலாளி வீட்டம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற நாள் அவர் வண்டி காயில் போயிடுச்சுன்னு, பெரிய முதலாளி வயலுக்குப் போன நேரம் பாத்து அம்மாதானே இந்த வண்டியிலிருந்து கழட்டி அதுல போடச் சொன்னாங்க. கேடான காயில் இன்னும் இதுலதானே இருக்கு?"

காருக்குள் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. மிக ஒழுங்கான சத்தம்.

"ஏனுங்க," தேங்காய்களுக்குப் பின்னாலிருந்து பெரியம்மாளின் குரல் வந்தது. "ராகுகாலம் வந்துருங்க. எடுங்க."

நாலு இருபதுக்குச் சீர் மண்டபத்துக்குள் நுழைந்தது. முன்னால் அர்த்தநாரி, ஓரடி பின்னால் பழனிச்சாமி.

அர்த்தநாரி தம்பியிடம் காயில் இரவல் வாங்கித்தான் சீர் கொண்டுபோனார் என்று கோவிந்தாபுரத்தில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. பொய். அவர் தம்பியிடம் எதையும் இரவல் வாங்கவில்லை. இரவல் கொடுத்திருந்ததைத் திரும்ப வாங்கினார்.