தப்பால் முந்தாத கார்

மாத்தளை மாவட்டத்தில் இரண்டு காலில் ஓடியதோ நாலு காலில் ஓடியதோ, எதுவும் தப்பாலை முந்தியது கிடையாது. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். பலாபத்வலைப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்குத் தபால் பை சுமந்து வந்ததால், ஆபீசுக்கும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் அவர் 'தப்பால்'தான். நான் அந்த ஆபீசில் சின்னக் கிளாக்கர்.

அவருக்கு நடக்க வராது. நடந்தால் தலை சுற்றுகிறது என்பார். கல்யாணத்தன்று மணவறையை ஓட்டமாகவே சுற்றினார். முந்தானை முடிச்சில் இழுபட்ட பெண், "ஏங்க, கொஞ்சம் நடந்து வாங்களேன்!" என்று சபையிலேயே கத்திவிட்டாள். சாவு வீடென்றால் பிணத்துக்கு முன்னே குழிமேட்டில் போய் நின்றுகொண்டு, தூக்கி வருகிறவர்களிடம், "என்னா, இவ்வளவு லேட்டு?" என்று கேட்பார்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு நாவுலயிலிருந்து மாத்தளை வரை மரதன் ஓட்டம் நடக்கும். எப்போதும் தப்பால்தான் முதல். அன்றும் வெறும் தபால் பை தோளில் தொங்கும். "பை இல்லாட்டி எங்க போறோம்னே தெரியலங்கையா" என்பார். பல்லேபொல பேக்கரிக்காரன் ஒருவன் வருஷா வருஷம் இரண்டாவதாக வந்து, அவர் முதுகைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தான்.

அந்த வருஷம் சங்கதி வேறு. முதலில் வருகிறவரைக் கொழும்பில் நடக்கும் பெரிய ஓட்டத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். தப்பால் இங்கேயே பிறந்தவர். ஆனால் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. குடும்பத்தோடு இந்தியா போகச் சொல்லிவிட்டார்கள்.

"கொழும்புல கப்பு வாங்குனவன அக்கரைக்கு அனுப்ப மாட்டாங்கதானே, கிளாக்கரையா?"

சட்டம் அப்படியெல்லாம் இல்லை. ஆனால் அவர் கேட்ட விதத்தில், இருந்தாலும் இருக்கும் என்று எனக்கே பட்டது. "மாட்டாங்க தப்பால், நீங்க ஓடுங்க" என்றேன்.

ஓட்டத்தன்று எங்கள் தோட்டத்து மானேஜர் துரை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு எதிரே போனார். பலாபத்வலைக்குச் சற்று முன்னால் தப்பால் தனியாக வந்துகொண்டிருந்தார். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. துரைக்குக் குஷி பிறந்துவிட்டது. காரைத் திருப்பி, வழித்துணையாக அவருக்கு முன்னால் விட்டார். சனியன் அங்கேதான் ஏறி உட்கார்ந்தது.

துரையைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்து ஒதுங்கி நிற்பது தோட்டத்து வழக்கம். துரையின் காரை முந்துவதை யாரும் கனவிலும் நினைத்ததில்லை.

தப்பால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காருக்குப் பின்னால் பவ்வியமாக ஓடினார். முந்தட்டுமே என்று துரை வேகத்தைக் குறைத்தார். அவரும் குறைத்தார். துரை இன்னும் குறைத்தார். அவரும் அப்படியே. கடைசியில் கார் நின்றது. அவரும் நின்றார்.

துரை ஜன்னலில் தலையை நீட்டினார். "ஓடு மேன்! ஏன் நிக்கிறே?"

"தொரை போங்க. நான் பின்னால வாறேன்."

"நீ முன்னாலே போ!"

"ஐயோ, அது மரியாத இல்லங்க தொரை."

துரை பொறுக்கமாட்டாமல் இறங்கினார். அவர் இறங்கியதும் தப்பால் கைகட்டி நின்றுவிட்டார். "சார், நாம போயிட்டா அவரு ஓடுவாரு" என்று நான் கெஞ்ச, துரை ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் பல்லேபொலக்காரன் எங்களைத் தாண்டிப் பறந்தான். அவனுக்கென்ன, பேக்கரிக்காரனுக்கு எந்தத் துரை?

நாங்கள் வேகமாகப் போய்விட்ட பிறகு தப்பால் உயிரைக் கொடுத்துத்தான் ஓடியிருக்கிறார். மாத்தளையில் இரண்டு எட்டுப் பிந்திவிட்டது. வென்றவனே நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தான். துரை முகம் செத்துப் போய் நின்றார். தப்பால் அவரிடம் போய், "தொரைய வெயில்ல நிக்க வச்சிட்டேன், மன்னிக்கணும்" என்றார்.

சில மாதம் கழித்து வழியனுப்ப மாத்தளை ஸ்டேஷனுக்குப் போனேன். மனைவி, பிள்ளைகள், மூட்டை முடிச்சு எல்லாம் ரயிலில் ஏறியாயிற்று. தப்பாலை மட்டும் காணோம். ரயில் ஊதியபோது பிளாட்பாரத்தின் கோடியில் தெரிந்தார். தோளில் பை இல்லை. அவர் நடந்து வந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"ஏங்க, ஓடியாங்க! ரயிலு போகப்போகுது!" என்று மனைவி கத்தினாள்.

அவர் நடந்தேதான் வந்தார். கார்டு பச்சைக் கொடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் மெதுவாக நடக்கமாட்டாரா என்றிருந்தது எனக்கு.