நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு சொந்த வாக்கியம்

இலக்கியத்தையும் பண்பாட்டையும் ஆராய்வதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட அந்தத் துறையில், வாரம் ஒருமுறை முனைவர் பட்ட ஆய்வாளர்களின் அமர்வு நடைபெறும். நீள மேசை, ஒரே பக்கம் திரும்பி நின்றுவிட்ட மின்விசிறி, பதினான்கு நாற்காலிகள். ஒருவர் தம் ஆய்வேட்டைப் படிப்பார். மற்றவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் “யார் சொன்னது?” என்று கேட்பார்கள். பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் சொல்லிவிட்டால் எல்லாத் தலைகளும் ஆடும். சொன்னது சரியா என்று கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. அது மரியாதைக் குறைவு.

அன்று படித்தவரை ‘ஏழாம் வருஷத்து அக்கா’ என்பார்கள். மாதக் கடைசியோடு அவருடைய பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் அமர்வு ஒப்புதல் தராவிட்டால் ஏழு வருஷ உழைப்பும் பழைய பேப்பர் கடைக்குத்தான்.

நூற்று முப்பத்தொன்பது பக்கம் வரை ஒரு குறையும் இல்லை. எல்லாம் யாரோ சொன்னது. அடுத்த பக்கத்தில் அந்த விபத்து நேர்ந்தது.

‘இந்தப் பன்னிரண்டு நாவல்களிலும் இரவு வேலை பார்ப்பவர்கள் காலையில் வீடு திரும்புகிறார்கள், ஜன்னலை வெறிக்கிறார்கள், வாழ்க்கையை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ஒருவர்கூடத் தூங்குவதில்லை.’

‘அடிக்குறிப்பு’ என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த இளைய ஆய்வாளர் பேனா மூடியைத் திறந்தார்.

“இது யார் சொன்னதுக்கா?”

“யாரும் சொல்லல. நானாத்தான் சொல்றேன்.”

அக்காவின் ஆய்வு நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனசுல பட்டதை எழுதறதுக்கு டைரின்னு ஒண்ணு இருக்கேம்மா என்று கனிவாக நினைவூட்டினார்.

“பன்னிரண்டையும் படிச்சேன் சார். எங்க வீட்டுக்காரர் ஐஸ் ஃபாக்டரில ராத்திரி வேலை. காலைல வந்தா கட்டை மாதிரி விழுந்துருவாரு. அதைத் தினம் பாக்குறதாலதான் எனக்கு இது உறைச்சுது.”

பொருள் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. வீட்டுக்காரரைப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம் என்றார் ஒருவர். கணவர் நடுநிலையான சான்று ஆகமாட்டார் என்றார் இன்னொருவர். மேலும், அவர் இதுவரை எங்கும் வெளியிடப்படாதவர். நாவல்களைத் திறந்து பார்த்துவிடலாமே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நாவல்கள் அலமாரியில் இருந்தன, அலமாரிச் சாவி நூலகரிடம் இருந்தது, நூலகர் விடுப்பில் இருந்தார்.

கடைசியில் நெறியாளரே வழி கண்டுபிடித்தார். அந்த வாக்கியத்தைத் தாம் ஒரு கட்டுரையில் எழுதிவிடுவதாகவும், அதை அக்கா மேற்கோள் காட்டிவிடலாம் என்றும் பெருந்தன்மையோடு அறிவித்தார். துறை இதழுக்கு அவரே ஆசிரியர் என்பதால் ஒன்பதே நாளில் கட்டுரை வந்துவிட்டது. நேர்மையானவர், அடியில், ‘வெளிவரவிருக்கும் ஓர் ஆய்வேட்டிலிருந்து’ என்று போட்டிருந்தார். ஆக, ஆய்வேட்டுக்கு ஆதாரம் கட்டுரை, கட்டுரைக்கு ஆதாரம் ஆய்வேடு. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் கீழே விழாமல் நின்றன.

நெறியாளரின் கட்டுரையை மேற்கோள் காட்டாமல் இருக்க யாருக்குத் தைரியம் வரும்? அமர்வில் நான்கு பேர் உடனே காட்டினார்கள். போன வருஷம் வரை அந்தத் துறையில் எல்லாரும் ‘உடல்’ ஆராய்ந்தார்கள், அதற்கு முன்பு ‘விளிம்பு’. இப்போது ‘உறக்கம்’ என்று ஆனது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கையில் மறுபடி அமர்வு கூடியது. அக்கா நூற்று நாற்பதாம் பக்கத்தைத் தெம்பாகப் படித்தார். பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சொன்னார்.

அடிக்குறிப்பு தயங்கியபடி கையைத் தூக்கினார். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இதைத்தான் ஏற்கெனவே அஞ்சு பேர் சொல்லிட்டாங்களே. இதுல உங்க புதுமை என்ன?”

அக்கா நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே அக்கா அந்த வாக்கியத்தை அடித்து நீக்கிவிட்டார். ஆய்வேடு ஒருமனதாக ஏற்கப்பட்டது. பிறர் சொல்லாத ஒரு சொல்லும் இல்லாத முன்மாதிரிப் படைப்பு என்று அறிக்கை பாராட்டியது. அக்கா முனைவரானார். நெறியாளருக்கோ, இரவுத் தொழிலாளரின் பகலுறக்கம் குறித்து மூன்றாண்டு ஆய்வுத் திட்டமே ஒதுக்கப்பட்டது.

அந்தத் திட்டத்தின் படிவங்களோடு ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு அடிக்குறிப்பு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். வீட்டுக்காரர் பகலில் தூங்குகிறாரா இல்லையா என்பது முதல் கேள்வி.

“மெதுவாப் பேசுங்க. தூங்கிட்டுத்தான் இருக்காரு,” என்றார் அக்கா. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வாசல்வரை கேட்டது.

அடிக்குறிப்பு எழுதப்போய் நிறுத்தினார். “நீங்க சொன்னா செல்லாதேக்கா. அவரே சொல்லணும்.”

வேண்டுமானால் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அக்கா. பார்த்ததை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை என்று அடிக்குறிப்பு வருத்தப்பட்டார். முனைவராகி ஆறு மாதம் ஆன அக்காவுக்கும் அது நியாயமாகவே பட்டது. உள்ளே போய் வீட்டுக்காரரின் தோளை உலுக்கினார்.

“ஏங்க, கொஞ்சம் எழுந்திரிங்க. பகல்ல நல்லாத் தூங்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் படுத்துக்கங்க.”