நேராக நிற்காத கோடுகள்

"ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு நடுப்புள்ளியைப் பாருய்யா!"

ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த கட்டத்தாளை ஓரெஸ்ட் அலுப்போடு பார்த்தார். வயதானால் விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய் அவருக்குத் தொடங்கியிருந்தது. கோடு வளைந்து தெரிந்தால் உடனே ஓடி வரவேண்டும், ஊசி போட்டுப் பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்று சாஸ்கட்டூன் நகரத்து டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து சிகரெட்டுக்குத் தடை. தட்டில் தினமும் கீரை. இதற்கெல்லாம் காவல் அதிகாரி, மனைவி வெர்னா.

"எல்லாம் நேரா இருக்கு."

"விரலிடுக்குல பாத்துட்டுச் சொல்றியா? இப்படிப் பொத்தணும்."

தன் இடக்கண்ணைப் பொத்திக் காட்டிய வெர்னா அப்படியே நின்றுவிட்டாள். கோடுகள் நடுவில் புழுவாக நெளிந்தன.

பைரோகிக் கொழுக்கட்டை வேகவைத்த ஆவியில் தாள் சுருங்கிவிட்டதோ? இஸ்திரி போட்டாள். ஓரம் கருகியது, நெளிவு போகவில்லை. கொட்டகையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்துவந்து புதிதாகவே ஒன்று வரைந்தாள். மறுபடி இடக்கண்ணைப் பொத்திப் பார்த்தாள். அதுவும் நெளிந்தது.

"அளவுகோலே கோணல்!" என்று குப்பையில் வீசினாள்.

"அடியே, அது எங்கப்பா கொடுத்ததுடி!"

"அப்பாவை அப்புறம் பாக்கலாம். இந்தத் தாளைப் பாரு. எப்படி இருக்கு?"

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

வெர்னா மனசுக்குள் கணக்குப் போட்டாள். கோணல் அளவுகோலில் வரைந்த கோணல் கோடு. அது நேராகத் தெரிகிறதென்றால் மனுஷனுக்குக் கண் போயே போய்விட்டது! இல்லை, ஊசிக்குப் பயந்து புளுகுகிறான்.

"சாவியைக் கொடு. ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டறேன்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு வெர்னா! அடுத்த வாரம் அறுவடை. நான் வண்டி ஓட்டலேன்னா கோதுமை தானா நடந்து வருமா?"

"கண்ணு தெரியாதவன் அறுத்தா கோதுமையோட கொட்டகையும் சேர்ந்து வரும். ஏறு!"

வண்டி கிளம்பியதும் டமாரென்று சத்தம். வேலிக்கம்பம் சாய்ந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"நமக்குக் கல்யாணம் ஆன நாளா அங்கதான் நிக்குது" என்றார் ஓரெஸ்ட், இருக்கையை இறுகப் பிடித்தபடி.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் க்வென் அவர் கண்களைப் படம் பிடித்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்சமும் மோசமாகவில்லை, ஊசி வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

"பாத்தியா?" ஓரெஸ்ட் நெஞ்சை நிமிர்த்தினார்.

வெர்னா விடவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். "அப்ப இந்தக் கோணல் கோட்டையெல்லாம் இந்த ஆளு ஏன் நேரா இருக்குங்கறாரு? நீயே சொல்லு!"

க்வென் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். மறு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். பிறகு வெர்னாவின் தோளில் மெல்லக் கை வைத்தாள்.

"நல்லவேளை, சீக்கிரமே வந்துட்டீங்க வெர்னாம்மா. வண்டிச் சாவியை அவர்கிட்ட கொடுத்துட்டு, இந்த நாற்காலியில நீங்க உட்காருங்க."