ஓலைக்கு முன் ஒரு ஆல்பம்

“உங்களுக்கு ஓரெல்லாவோட எந்த ஆல்பம் ரொம்பப் பிடிக்கும்?”

வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த இந்தக் கேள்வியைப் பார்த்ததும் ராபின் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். குளத்தூரில் டிராக்டர் ஷோரூமில் சேல்ஸ் வேலை பார்க்கிறவன் அவன். எந்த டிராக்டர் பிடிக்கும் என்று கேட்டிருந்தால் சாப்பாட்டை மறந்து பேசுவான். ஆனால் கேட்டிருப்பது ஷெரின். அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்.

தப்பு முழுக்க அவன்மேல்தான். போன மாதம் சொந்த ஊரான ஆவூரிலிருந்து விராலிமலைக்குப் பெண் பார்க்கப் போனபோது, “ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கிட்டு வாங்க” என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக மாடிக்கு அனுப்பி வைத்தார்கள். மாடியில் ராபின் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி, கால்களை நாலாபக்கமும் பரப்பிக்கொண்டு அவனைத் தரையில் இறக்கிவிட்டது. ஷெரின் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பில் ஆள் காலி. அவளோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் என்னத்தைப் பேசுவது? அவளுடைய புரொஃபைல் படம் ஞாபகத்துக்கு வந்தது. அதில் அவள் போட்டிருந்த பனியனில், மீன்தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் நிற்பாள். கீழே ஓரெல்லா என்று பெயர் இருக்கும்.

“ஓரெல்லா பாட்டுன்னா எனக்கு உசுருங்க” என்று அள்ளிவிட்டான்.

ஷெரின் கண்ணை அகல விரித்தாள். “நெசமாவா? இந்தப் பக்கத்துல அவங்கள யாருக்குமே தெரியாதே!”

அவனுக்கும்தான் தெரியாது. அதைச் சொல்ல அது நேரமில்லை.

அன்றைக்குச் சாயந்திரமே அவனை ஒரு குழுவில் சேர்த்துவிட்டாள். ‘புதுக்கோட்டை மாவட்ட ஓரெல்லா ரசிகர்கள்’ என்று பெயர். பெயர்தான் பெரிசு. மொத்தமே நாலு பேர். அட்மின் சிராஜ், ஜெகதாப்பட்டினத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறவன். வைஷ்ணவி, புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கிற பெண். அப்புறம் ஷெரின். இப்போது வாலாக ராபின்.

ஓரெல்லா எங்கோ பனி கொட்டுகிற தேசத்துக்காரி. சும்மா பாடிவிட்டுப் போகிற ஜாதி இல்லை, பாட்டைப் போட்டுப் புரட்டி எடுக்கிறவள் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். இதுவரை மூன்று ஆல்பம். அவற்றின் பெயரை அவள் பாஷையில் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் தமிழிலேயே சொல்லிவிடலாம். முதலாவது ‘கண்ணாடி முட்டை.’ இரண்டாவது ‘உப்புக் காலண்டர்.’ மூன்றாவது ‘எறும்பின் மூச்சு.’

ராபின் கேட்டுப் பார்க்காமல் இல்லை. வேலைக்குப் போகிற பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை வைத்தான். ஒன்றுமே கேட்கவில்லை. டேட்டா தீர்ந்துவிட்டது என்று ரீசார்ஜ் செய்தான். அப்போதும் நிசப்தம். இயர்போன் போய்விட்டதோ என்று கழற்றி ஊதி மாட்டினான். ரொம்ப நேரத்துக்குப் பிறகு ஒரு பெண் தும்மினாள். மறுபடி நிசப்தம். இது நமக்கு ஆகிற காரியமில்லை என்று இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டான்.

இப்போது கேள்வி வந்து நிற்கிறது. ராபின் இணையத்தில் தேடி, யாரோ ஒரு புண்ணியவான் ‘கண்ணாடி முட்டை’யைப் புகழ்ந்து எழுதியிருந்ததை எடுத்து, தமிழில் மாற்றி, தன் பெயரில் குழுவில் போட்டான்.

சிராஜ் துள்ளிக் குதித்தான். “ப்ரோ! நீங்க நம்ம ஆளு! மொத ஆல்பம்தான் ஆல்பம், மத்ததெல்லாம் சும்மா!”

ஷெரினிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. “எனக்கு ‘உப்புக் காலண்டர்’தான். கண்ணாடி முட்டை சின்னப் புள்ளைங்க கேக்குறது. உங்க ரசனை இவ்வளவுதானா?”

மறுநாள் காலையில் ராபின் குழுவில் எழுதினான். “ராத்திரி பூரா யோசிச்சேன். உப்புக் காலண்டர்தான் உசத்தி.”

“துரோகி!” என்றான் சிராஜ்.

ஷெரினாவது குளிர்வாள் என்று பார்த்தால், போனே வந்துவிட்டது. “ஏங்க, எனக்குப் பிடிக்கும்னதும் ஒரே ராத்திரியில கட்சி மாறிட்டீங்களே. நாளைக்கு எங்க அப்பா ஒண்ணு சொன்னா அங்கிட்டுச் சாஞ்சிருவீங்க, உங்க அம்மா ஒண்ணு சொன்னா இங்கிட்டுச் சாஞ்சிருவீங்க. சொந்தமா ஒரு புடிமானம் வேண்டாமா மனுசனுக்கு?”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க. நெசத்தைச் சொல்லிடுறேன்.”

நெசத்தைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் பொய்தான் வந்தது. “எனக்கு நெசமாவே பிடிச்சது ‘எறும்பின் மூச்சு’ங்க. நீங்க என்ன நெனைப்பீங்களோன்னு மறைச்சிட்டேன்.”

“மறைச்சீங்களா?” ஷெரினின் குரல் இறங்கிவிட்டது. “ஒரு பாட்டு விஷயத்துலயே மறைக்கிறீங்க. ஞாயித்துக்கிழமை மொத ஓலை வேற. எனக்குப் பயமா இருக்குங்க. சனிக்கிழமை சாயந்திரம் நாங்க மூணு பேரும் விராலிமலை பேக்கரியில சந்திக்கிறோம். நீங்களும் வாங்க. அந்த ஆல்பத்துல எது உங்களுக்குப் பிடிச்சுதுன்னு என் முன்னாடி சொல்லுங்க. நீங்க பேசுறதைப் பார்த்துட்டு ஓலையை வாசிக்கலாமா, தள்ளி வைக்கலாமான்னு அப்பாகிட்ட சொல்றேன்.”

ஓலை என்பது விளையாட்டு இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மாதா கோயில் பூசையில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லவேண்டும் என்பார்கள். முதல் ஓலை வாசித்துவிட்டால் ஊருக்கே தெரிந்த மாதிரி. அதற்குப் பிறகு கல்யாணம் நின்றால் ரெண்டு வீடும் தலைநிமிர்ந்து கோயிலுக்குப் போக முடியாது. அதனால் வேண்டாம் என்பவர்கள் அதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

அம்மா ஜெயராணி வேறு, அவன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். “ஏன்டா பேயறைஞ்ச மாதிரி இருக்கே? ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்க சாமியார்ட்ட சொல்லியாச்சு. அந்தப் புள்ள ஒண்ணும் மனசு மாறலையே?”

“சனிக்கிழமை பரீட்சைம்மா எனக்கு.”

“இந்த வயசுல என்னடா பரீட்சை?”

“பாட்டுப் பரீட்சை.”

“நீ கோயில்ல பாடுனாலே பக்கத்துல நிக்கிறவன் நகந்து போவானே!” என்று அம்மா அந்தோணியார் படத்துக்கு ஒரு மெழுகுத்திரி ஏற்றினாள்.

சனிக்கிழமை வந்தே விட்டது. விராலிமலையில் மெயின் ரோட்டை ஒட்டி முகம்மது சுல்தானின் பேக்கரி. சுல்தான் பாய் வாய் நிறையச் சிரிக்கிற மனிதர். வந்தவர்களை உட்கார வைத்து, முட்டை பப்ஸும் டீயும் கொடுத்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து போனை நோண்ட ஆரம்பித்தார். சாயந்திர வியாபாரம் இன்னும் சூடு பிடிக்கவில்லை. கடையில் இவர்கள் நாலு பேர்தான்.

சிராஜ் கறுப்புச் சட்டையில் வந்திருந்தான். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டான். “கண்ணாடி முட்டையில அந்தம்மா ஒரு வலியை வச்சிருக்காங்க பாருங்க. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் வியாபாரம்.”

“வலி இருந்தா போதுமா? ஆழம் வேண்டாமா?” என்றாள் ஷெரின். “ஆழம்னா உப்புக் காலண்டர்தான். அதுல வர்ற ஒவ்வொரு பாட்டும் ஒரு மாசம் மாதிரி. என்ன சொல்றே வைஷ்ணவி?”

“எனக்கு எறும்பின் மூச்சுதான்க்கா. அது ஒரு... ஒரு மாதிரி... பிரபஞ்சம்!” என்றாள் வைஷ்ணவி. “நல்லவேளை, ராபின் அண்ணாவும் என் கட்சி. அண்ணா, நீங்க சொல்லுங்கண்ணா.”

மூன்று ஜோடிக் கண்கள் அவன்மேல் திரும்பின. ஷெரின் டீயைக் கீழே வைத்துவிட்டாள். இந்தப் பெண்ணை விட்டால் இந்த ஜென்மத்துக்கு இன்னொருத்தியைப் பிடிக்காது என்று அந்த நிமிஷம் அவனுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. வாயில் வந்ததைப் பேச வேண்டியதுதான். அவன் வாயில் எப்போதும் வருவது ஒன்றே ஒன்றுதான்.

“எறும்பின் மூச்சு எப்படின்னா... எடுத்த எடுப்புல கொஞ்சம் இழுக்கும்ங்க. அதைப் பார்த்து ஆளுங்க ஏமாந்துருவாங்க. ஆனா ஒரு தடவை பிக்கப் ஆயிருச்சுன்னா சேத்துல எறங்குனாலும் திணறாது. எவ்வளவு பாரம் ஏத்துனாலும் அலுங்காது, குலுங்காது. மேட்டுல ஏறும்போது ஒரு உறுமல் வரும் பாருங்க, வயித்துக்குள்ள கேக்கும். முக்கியமா, வருசக்கணக்கா ஓட்டுனாலும் தேய்மானமே இல்ல.”

தொலைந்தோம் என்று ராபின் கண்ணை மூடிக்கொண்டான்.

“தேய்மானமே இல்ல...” என்று சிராஜ் மெல்லத் திருப்பிச் சொன்னான். “ப்ரோ, புல்லரிக்குது ப்ரோ. இவ்வளவு நாள் கேட்டும் எனக்கு இந்த வார்த்தை வரலையே.”

“பாரம் ஏத்துனாலும் குலுங்காது. ஆமாண்ணா, அதேதான்!” என்றாள் வைஷ்ணவி.

ஷெரின் மட்டும் விடவில்லை. “சரி, எந்த இடத்துல உங்களுக்குக் கண்ணு கலங்குச்சு?”

“ஏழாவது பாட்டுல” என்றான் ராபின், குத்துமதிப்பாக.

“அஞ்சு பாட்டுத்தானே இருக்கு?” என்றாள் வைஷ்ணவி.

“எட்டுல்ல?” என்றான் சிராஜ்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராபின் எழுந்து ஓடத் தயாரானான். அதற்குள் ஷெரின், “ஏழாவதுதான். அதுல அந்த நடு இடம்” என்றாள்.

“ஆமா ஆமா, நடு இடம்!” என்று மற்ற இரண்டு பேரும் அவசரமாக ஒத்துக்கொண்டார்கள்.

“என்ன பாய், மேல ஃபேன் இப்படிக் கிறீச்சுங்குது?” என்றான் சிராஜ், பேச்சு தடைப்பட்ட எரிச்சலில்.

“ஃபேன் இல்லண்ணா, மேசைக்கு அடியில பூனை ஏதோ மாட்டிக்கிட்டிருக்கு” என்று வைஷ்ணவி குனிந்து பார்த்தாள். பூனை இல்லை.

“பூனையும் இல்ல. வெளியில நிக்கிற ஏதோ வண்டியில பெல்ட் லூஸ்” என்று ராபின் தொழில் நேர்மையோடு சொன்னான். இது ஒன்றுதான் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம்.

சுல்தான் பாய் கல்லாவிலிருந்து அவர்களைப் பார்த்து ரொம்பப் பிரியமாகத் தலையாட்டினார்.

பேச்சு மறுபடி சூடு பிடித்தது. சிராஜ் மேசையைத் தட்டினான். ஷெரின் அவனை மடக்கினாள். ராபினுக்குத் தைரியம் வந்துவிட்டது. கண்ணாடி முட்டையை “சின்ன விவசாயிக்கு ஏத்தது” என்றும், உப்புக் காலண்டரை “கம்பெனி சர்வீஸ் நல்லாருக்கும்” என்கிற மாதிரியும் ஏதேதோ சொன்னான். மூன்று பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். கடைசியில் ஷெரின் சிரித்தாள். மாடியில் நாற்காலி உடைந்த அன்றைக்குச் சிரித்தாளே, அதே சிரிப்பு.

“உங்களைப் போய் சந்தேகப்பட்டேனே” என்றாள். “இவ்வளவு அனுபவிச்சுக் கேக்குற மனுசன் பொய் சொல்ல மாட்டாருங்க.”

அவன் எதிரிலேயே போனை எடுத்தாள். “அப்பா, நாளைக்கு ஓலை வாசிக்கட்டும்ப்பா. எனக்குச் சம்மதம்.”

ராபினுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு துடித்தது. கல்யாணத்துக்குப் பிறகு, முதல் பிள்ளை பிறந்த பிறகு, நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டான். சந்தோஷத்தில் இன்னொரு ரவுண்டு பப்ஸ் சொன்னான்.

அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. கிறீச்சிட்டது, கரகரத்தது, தகர டப்பாவைத் தரையில் இழுப்பது போல இழுத்தது. நடுநடுவே யாரோ வாய் கொப்பளிப்பதும் கேட்டது. வைஷ்ணவி காதைப் பொத்திக்கொண்டாள். சிராஜ் முகத்தைச் சுளித்தான். ஷெரினுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே விட்டாள்.

“பாய், கோவிச்சுக்காதீங்க. மனுசன் காதுல வச்சுக் கேக்க முடியாத சத்தமா இருக்கு. எதுலேர்ந்து வருதுன்னு பார்த்து, மொதல்ல அதை நிறுத்துங்களேன். நாங்க பாட்டைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்.”

சுல்தான் பாயின் முகம் சுருங்கிவிட்டது.

“என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க? நாலு பேரும் இப்படி உருகுறீங்களேன்னு, போன்ல பேரைத் தேடிப் புடிச்சு, நீங்க பேச ஆரம்பிச்சதுலேர்ந்து அந்த எறும்பு மூச்சு ஆல்பத்தைத்தானே ஒங்களுக்காக ஸ்பீக்கர்ல போட்டுவிட்டிருக்கேன்!”