நாற்பது காகிதப் பாலங்கள்

அரியலூரில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அதன் பெயரைச் சொன்னால் நாளைக்கு நான் அதன் எதிரே உட்கார முடியாது. ஆகவே அலுவலகம் என்றே வைத்துக்கொள்வோம். எதிரே வேப்பமரத்தடியில் பத்தொன்பது வருடமாக மனு எழுதுகிறேன். பெயர் ராசாங்கம். 'தாங்கள் கருணை கூர்ந்து' என்று நான் எழுதாத திங்கட்கிழமை கிடையாது.

என்னிடம் மனு எழுத வந்த பாக்யலட்சுமிக்கு மீன்சுருட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். ஊருக்கும் பால் சொசைட்டிக்கும் நடுவே ஓர் ஓடை. கோடையில் யாராவது சொன்னால்தான் அது ஓடை என்று தெரியும். ஐப்பசியில் இடுப்பளவு ஓடும். போன ஐப்பசியில் பால் கேனோடு வழுக்கி விழுந்து அவருக்கு மணிக்கட்டு உடைந்தது. அடுத்த மழைக்குள் ஒரு சின்னப் பாலம் வேண்டும் என்பதுதான் மனு.

"ரெண்டு சிமெண்டுக் குழாயப் போட்டு மேல பூசிவுட்டாக்கூடப் போதும்ணே," என்றார்.

நான் அதை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

மனு திரும்பி வந்தது. அலுவலகத்தில் அன்பழகன் என்று ஓர் அதிகாரி. ஏதோ மலையூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனவர், அங்கே மேஜை மேல் வைத்திருந்த காகிதக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு சுற்றறிக்கை போட்டார். கட்டுமானம் கோரும் மனுக்களுடன், கோரப்படும் பொருளின் காகித முன்மாதிரி ஒன்று தவறாது இணைக்கப்பட வேண்டும்.

"எழுதியிருக்கறதப் படிச்சா புரிய நேரமாவுதுய்யா. பொருளைப் பாத்தா டக்குனு புரியும்ல?" என்றார் என்னிடம்.

எனக்குக் கோபம்தான். ஆனால் கோபத்தை வாங்கிக்கொள்ள அங்கே கவுன்டர் கிடையாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, இரும்பு ஸ்கேலும் பிளேடும் வைத்து, நாற்பது நிமிடத்தில் ஒரு பாலம் செய்தேன். நடுவில் டீயும் குடித்தேன். பாக்யலட்சுமி அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினியூண்டுதாண்ணே கேக்குறோம்," என்றார்.

அன்பழகன் ஸ்கேல் வைத்து அளந்தார்.

"கையால வெட்டினதா?"

"ஆமாங்க சார்."

"கைப்பிடிச் சுவர் ஒரு நூல் சாஞ்சிருக்கு. அப்ப நெசப் பாலமும் சாயும். மெஷின்ல வெட்டிட்டு வாங்க."

அவர் மேஜையில் அலுவலகம் வாங்கிய மெஷின் இருந்தது. வீட்டில் வைத்துக்கொண்டு தாள் வெட்டுகிற கட்டிங் மெஷின், தையல் மிஷின் மூடி அளவு. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் அதுவாக வெட்டும்.

"ஒரு பாலத்துக்கு மெஷின் அவசியந்தானுங்களா சார்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். உடனே அதை ஆராய மூவர் குழு அமைக்கப்பட்டது.

சோதனை நாளன்று குழு வரிசையாக உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் பார்க்கும் சின்னப் பெண் இலக்கியா அதற்கு முந்தைய இரண்டு நாளும் படம் வரைந்திருந்தது. மெஷின் ஆறே நிமிடத்தில் வெட்டியது. அட்டையை ஒட்டிவைக்கும் பசைப் பாயிலிருந்து உரிக்கும்போது கைப்பிடிச் சுவர் கிழிந்தது. இரண்டாவது தடவை பிளேடு அட்டையில் பாதி ஆழம்தான் இறங்கியது. மூன்றாவது சரியாக வந்தது. மடிக்கிறதையும் ஒட்டுகிறதையும் மெஷின் செய்யாது, அதற்கு மனிதன்தான் வேண்டும்.

இலக்கியா உண்மையைச் சொல்லிவிட்டது. இந்தக் கதையில் நடந்த முதல் தப்பு அதுதான்.

"சார், ஒண்ணே ஒண்ணுன்னா பிளேடே வேகம். ஒரே மாதிரி நெறைய வெட்டினாத்தான் மெஷின் பிரயோஜனம்."

"எத்தனை வெட்டினா பிரயோஜனம்?"

"ஒரு நாப்பது வெட்டினா..."

அன்பழகன் முகம் தெளிந்தது. மறுநாளே அடுத்த சுற்றறிக்கை வந்தது. மெஷின் பயனுள்ளதே எனக் குழு ஒருமனதாகக் கண்டறிந்துள்ளது. அப்பயன் வீணாகாதிருக்கும் பொருட்டு, இனி மனு ஒன்றுக்கு நாற்பது முன்மாதிரிகள் இணைக்கப்பட வேண்டும்.

"ஒரு பாலத்துக்கு நாப்பது எதுக்குங்க சார்?" என்று கேட்டார் பாக்யலட்சுமி.

"ஒண்ணோட நிறுத்துனா மெஷின் வீண்ம்மா. அரசாங்கப் பொருளை வீணாக்கலாமா?"

"அப்ப உங்க மெஷின்லயே வெட்டிக்கலாங்களா?"

"அது அரசாங்கப் பொருளாச்சே, எல்லாரும் தொடலாமா? வெளியில வெட்டிட்டு வாங்க."

வேறு வழியில்லாமல் நானே ஒரு மெஷின் வாங்கினேன். இலக்கியா படத்தை பென் டிரைவில் கொடுத்தது. ஒரே காலையில் நாற்பது பாலத்துக்கும் துண்டு விழுந்துவிட்டது. நல்ல மெஷின், குறை சொல்ல மாட்டேன். ஒட்டுகிற வேலையைப் பாக்யலட்சுமி வீட்டுக்கு எடுத்துப் போனார். நாற்பது பாலம், எண்பது குழாய். உடைந்து கூடிய மணிக்கட்டு, அட்டை விளிம்பை அழுத்திப் பிடித்தால் வலிக்கும். பால் கறந்த நேரம் போக ஒட்டி ஒட்டி, கடைசிப் பசை காய்வதற்குள் ஐப்பசி வந்துவிட்டது.

பரிசீலனைக்கு ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள். வராவிட்டால் மனு ரத்து. முந்தின நாளிலிருந்தே மழை. அட்டைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா ஓடையில் இறங்கினார். போன வருடம் வழுக்கிய அதே இடத்தில் வழுக்கியது. இந்தத் தடவை கையை ஊன்றாமல் பெட்டியைப் பிடித்தார். அப்படியும் பெட்டி முங்கிவிட்டது.

ஈரப் புடவையோடு பஸ் ஏறி வந்து அலுவலகத்தில் நின்றார். அன்பழகன் ஒரு பாலத்தை இரண்டு விரலால் தூக்கினார். அது கூழாகத் தொங்கியது. மூவர் குழு எழுந்து நின்று பார்த்தது.

"தண்ணியில எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும் சார்."

குறித்துக்கொண்டார்.

"சார், பாலம்னு ஒண்ணு இருந்திருந்தா இது நனைஞ்சிருக்காதுங்க."

"என்னம்மா பேசறீங்க? ஒண்ணு ரெண்டு இல்ல, நாப்பது பாலமும் ரெண்டே நிமிஷத்துல போயிருச்சு. இத நம்பி ஊரே நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்? நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சுபோச்சு."

உத்தரவு அன்றே வந்தது. மேற்படி ஓடையின் நீர்ப்பெருக்கை மேற்படி பாலம் தாங்காது என்பது மனுதாரர் தரப்பிலேயே நாற்பது முறை நிரூபிக்கப்பட்டுள்ளதால், மனு முடித்துவைக்கப்படுகிறது.

எனக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மெஷினைத் தூக்கி ரோட்டில் போட்டு உடைப்பது என்று முடிவு செய்துதான் மரத்தடிக்கு வந்தேன். அங்கே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

"அண்ணே, எங்க பாலத்துக்கு லைட்டுக் கம்பம் வெச்சு வெட்டுங்க," என்றார் திருமழபாடிக்காரர் ஒருவர். "பக்கத்து ஊர்க்காரன் வெறும் கைப்பிடிதான் வெச்சிருக்கான்."

"எங்க தண்ணி டேங்க்குல தலைவர் பேரு பெருசாத் தெரியணும்," என்றார் வரதராஜன்பேட்டைக்காரர்.

டேங்க் வருமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் உடைக்கவில்லை. இப்போது மரத்தில் போர்டு தொங்குகிறது: 'இங்கு மனு எழுதப்படும். பாலம், டேங்க், வகுப்பறை வெட்டித் தரப்படும்.' வீட்டுக்கு ஒரு கட்டிங் மெஷின் வாங்கலாமா, பிரயோஜனம் உண்டா என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் தாராளமாக வாங்குங்கள் என்றே சொல்கிறேன். என் மெஷின் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

உத்தரவு வந்த மறு திங்கட்கிழமையே பாக்யலட்சுமி மறுபடி வந்தார். "நனையாத மாதிரி செய்ய முடியுமாண்ணே?" என்று கேட்டார்.

"லேமினேஷன் பண்ணிரலாம்மா," என்றேன். அதற்கும் ஒரு மெஷின் வாங்கியிருக்கிறேன்.

வீட்டில் வைத்து ஒட்டுவதற்கு நாற்பது பாலத்தின் துண்டுகளையும் உரச் சாக்கில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். அன்றைக்கும் மழை வலுத்துக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பும் வரை கூடவே நின்று, "பத்திரம்மா, லேமினேஷன் பண்ணினாலும் ஓரத்துல ஏறிரும், ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது," என்று சாக்கைக் காட்டி நான்கு தடவை சொன்னேன். ஓடையை அந்த அம்மா எப்படித் தாண்டுவார் என்று கேட்கத் தோன்றவில்லை.