பதினெட்டு மார்க் பிரதமர்

எங்கள் பெருஜா நகரத்துப் பேராசிரியர் உபால்தோ மென்கரோனி நாட்டின் பிரதமரானதற்குக் காரணம் அவருடைய தகுதி அல்ல. அவரை யாருக்கும் தெரியாது என்பதுதான். ரோமில் வழக்கம்போல ஆட்சி கவிழ்ந்திருந்தது. கட்சிகள் ஒன்றையொன்று நம்புவதாக இல்லை. ஆகவே எல்லாரும் கூடிப் பேசி, இன்னும் யாருக்கும் துரோகம் செய்ய வாய்ப்பே கிடைக்காத ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள்.

'நிலையான ஆட்சியின் அடிப்படைகள்' என்று தலையணை பருமனில் அவர் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதைக் காசு கொடுத்து வாங்காமல் எங்கள் ஊரில் பட்டம் வாங்கியவர் எவருமில்லை. படித்துவிட்டு வாங்கியவரும் எவருமில்லை. தேர்வு வாய்மொழிதான். எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். முப்பதுக்குப் பதினெட்டு வந்தால் பாஸ். மார்க் போதாது என்று தோன்றினால் மாணவன் 'எனக்கு வேண்டாம்' என்று எழுந்து போய், அடுத்த தேர்வுக்கு மறுபடி வரலாம். எங்கள் நாட்டில் மதிக்கப்படாத உரிமைகள் எத்தனையோ உண்டு. இந்த உரிமையில் மட்டும் இதுவரை எவரும் கை வைத்ததில்லை. மென்கரோனிக்கு மாணவப் பருவத்தில் முப்பதுக்குக் குறைந்து மார்க் வந்ததே கிடையாது. இதை அவர் தம் கல்யாண விருந்திலும் சொன்னார், மாமனாரை அடக்கம் செய்த அன்றும் சொன்னார்.

பிரதமரானவர் செனட் சபையில் நம்பிக்கை வாக்கு வாங்கியாக வேண்டும். எண்ணிப் பார்த்ததில் ஒரே ஓட்டு குறைந்தது. அது செனட்டர் நஸரேனோ பிக்கியின் ஓட்டு. வாக்கெடுப்பு அன்று மாலை. பிரதமர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தேடி உணவகத்துக்கே ஓடினார். செனட்டர் கழுத்தில் துணியைச் செருகிக்கொண்டு பாஸ்தாவில் மும்முரமாக இருந்தார்.

"வாங்க ப்ரொஃபசர், உக்காருங்க. என்னை ஞாபகம் இருக்கா?"

"எங்கயோ பாத்த மாதிரி..."

"அஞ்சு தடவை பாத்தீங்க. அஞ்சு தடவையும் ஃபெயில் பண்ணீங்க."

செனட்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நீங்க கேட்ட கேள்வியத்தான் இப்ப நான் கேக்கப்போறேன். ஒரு ஆட்சி எதுல நிக்குது?"

"மூணாவது அத்தியாயம்! தெளிவான கொள்கை, நிர்வாகத் திறமை, மக்களோட..."

"தப்பு."

"நான் எழுதின புத்தகம்ங்க அது!"

"அதனாலதான் தப்பு. யாரோட மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்கறதுல நிக்குதுன்னு அன்னிக்கே சொன்னேன். வெளிய போன்னு விரட்டினீங்க."

மென்கரோனி கொஞ்சம் யோசித்தார். படித்தவர்தான், ஆனாலும் முட்டாள் இல்லை.

"உங்களுக்கு மாப்பிள்ளை இருக்காரா?" என்று மெல்லக் கேட்டார்.

"இப்பதான் பாடம் ஏறுது. இருக்கான். சும்மாதான் இருக்கான். நம்ம உம்பிரியா மாகாணத்துக்கு ஒரு கலங்கரை விளக்க வாரியம் வேணும். அவன்தான் தலைவர்."

"உம்பிரியாவுல கடலே இல்லையே!"

"இதுவரைக்கும் ஒரு கப்பலாவது நம்ம மலையில வந்து மோதியிருக்கா?"

"இல்ல."

"அந்தச் சாதனையைக் காப்பாத்த ஒரு ஆள் வேண்டாமா?"

இந்த வாதத்தில் பிரதமரால் குறை எதுவும் காண முடியவில்லை. காண முயலவும் இல்லை. "போட்டுடலாம்" என்றார்.

"சபாஷ்!" செனட்டர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆனா முதல் பதில் தப்பு. ரெண்டாவது நான் எடுத்துக் குடுத்தது. அதனால பதினெட்டு. பாஸ். சாயங்காலம் என் ஓட்டு உங்களுக்குத்தான்."

நாடு காப்பாற்றப்பட்டுவிட்டது. கை குலுக்கிவிட்டு எழுந்து வந்தால் போதும். ஆனால் பிரதமர் நகரவில்லை. அவருக்குக் காதுமடல் வரை சிவந்துவிட்டது.

"பதினெட்டா? எனக்கா?"

"பாஸ் ஆயிட்டீங்களே ப்ரொஃபசர். ஆட்சி நிக்கும்."

"வாழ்க்கையில முப்பதுக்குக் கீழ வாங்கினதில்லைய்யா நான்! ஒரு இருபத்தாறாவது போடு."

"இந்தப் பதிலுக்கா? எனக்கும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு."

"அப்ப இந்த மார்க் எனக்கு வேண்டாம்! அடுத்த தடவை வரேன்!"

என்ன சொன்னோம் என்பது வாசல் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. செனட்டர் பிக்கியோ எங்கள் மரபில் ஊறியவர். பிடிக்காத மார்க்கை மறுக்கும் உரிமையை மனமார மதித்தார். அன்று மாலை ஒரே ஒரு ஓட்டில் ஆட்சி கவிழ்ந்தது.

பத்திரிகைகளுக்கு விஷயம் பாதிதான் கிடைத்தது. செனட்டர் ஏதோ கொடுக்க வந்தார், பிரதமர் 'வேண்டாம்' என்று எழுந்துவிட்டார். அவ்வளவுதான். 'பதவியை விட்டார், நேர்மையை விடவில்லை' என்று எட்டுப் பத்தித் தலைப்பு போட்டார்கள். பெருஜா ரயில் நிலையத்தில் ஊரே திரண்டது. மேயர் வந்தார், பேண்டு வாத்தியம் வந்தது. "சிபாரிசுக்கு மசியாத ஒரு மனுஷன் இந்த நாட்டுலயும் இருக்கானே!" என்று மளிகைக்கடை ஜெர்வாசியோ விக்கி விக்கி அழுதார். மென்கரோனி, பாவம், உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"இல்லீங்க, மார்க் குறைச்சலா இருந்ததால..."

"என்ன அடக்கம் பாரு!" என்று நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

ஜெர்வாசியோ பூங்கொத்தைக் கொடுத்து அவரைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டபடியே காதில் சொன்னார்: "ஐயா, என் பொண்ணு வெள்ளிக்கிழமை உங்க தேர்வுக்கு வரா. கொஞ்சம் பாத்துப் போடுங்க."

இப்படிக் கேட்டவர்களை ஆயுள் முழுக்க விரட்டியடித்தவர் மென்கரோனி. அன்று அவர் கூட்டத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். பிறகு, "பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார்.

ஜெர்வாசியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினார். அவருக்குப் பின்னால், கையில் பூங்கொத்தோடு, ஒரு வரிசை நிலையத்துக்கு வெளியே தெருமுனை வரை போயிற்று. நாங்கள் எல்லாரும் அதில்தான் நின்றிருந்தோம்.